பையா, போத்தலா, நிறுத்துக் கொடுப்பதா? வாங்குகிறவன் போடும் கணக்கு

யாழ்ப்பாணத்தில் இப்போது தெருவுக்கு ஒருவராவது தூள் இடித்து விற்கிறார்கள். இல்லாவிட்டால் மா வறுக்கிறார்கள், மோர்மிளகாய் போடுகிறார்கள், பருத்தித்துறை வடை சுடுகிறார்கள். நல்ல விஷயம்தான். கைப்பக்குவத்தில் நான் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பக்குவம் எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து சேரும் விதத்தில்தான் குறை.

தொழில் தொடங்குகிற எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: எதில் போட்டு விற்பது? சந்தையில் வைத்து நிறுத்துக் கொடுப்பதா, பொலித்தீன் பையில் கட்டிக் கடைக்குப் போடுவதா, பளபளப்பான நிற்கும் பையா, கண்ணாடிப் போத்தலா? பை விற்கிறவரிடம் கேட்டால் பை நல்லது என்பார். போத்தல் விற்கிறவரிடம் கேட்டால் போத்தல் என்பார். வாங்குகிறவனிடம் யாரும் கேட்பதில்லை, ஆகவே கேட்காமலே சொல்கிறேன். வண்டு விழுந்த மாவையும் மொறுமொறுப்புப் போன வடையையும் காசு கொடுத்து வாங்கியவனின் எரிச்சல் இதில் அங்கங்கே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, உங்கள் பொருள் எதனால் கெடுகிறது என்பது. இதைத் தெரியாமல் பை வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

தூளுக்குக் காற்றும் வெளிச்சமும் எதிரி. வறுத்து இடித்த நாளில் வீடு முழுக்க வீசும் வாசம் காற்றோடு போய்விடும். செத்தல் மிளகாயின் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறும். மாவுக்கு ஈரமும் பூச்சியும். அரிசி மா, குரக்கன் மா, ஒடியல் மா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எண்ணெயில் பொரித்த வடைக்கும் முறுக்குக்கும் இரட்டைத் தொல்லை: ஈரம் பட்டால் இளகும், காற்றுப் பட்டால் பழைய எண்ணெய் மணம் வரும். பனங்கட்டி காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக் கசியும். ஊறுகாய்க்கு உள்ளே இருக்கும் உப்பும் புளியும் காவல், ஆனால் அதே உப்பும் புளியும் மூடியைத் தின்னும்.

இதோடு எங்கள் ஊர்க் காலநிலையையும் சேர்த்துப் பாருங்கள். சித்திரையிலிருந்து ஆவணி வரை வெயில், தகரக் கூரைக் கடைக்குள் புழுக்கம். ஐப்பசி பிறந்தால் மாரி, காற்றில் எந்நேரமும் ஈரம். ஆனியில் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும் பை, கார்த்திகையில் இரண்டு கிழமை தாங்காது.

இரண்டாவது, யார் செய்தது, எப்போது செய்தது, எதைப் போட்டுச் செய்தது என்று எழுத இடம் இருக்கிறதா, எழுதியது நிற்குமா என்பது. மூன்றாவது, பொருள் எங்கே போய்ச் சேரப்போகிறது. பக்கத்து வீட்டுக்கா, கொழும்புக்கு இரவு பஸ்ஸிலா, ரொறன்ரோவுக்குச் சூட்கேஸிலா? நான்காவது உங்கள் செலவு. பையின் விலையை மட்டும் நான் செலவு என்று சொல்லவில்லை. திரும்பி வருவது, உடைவது, தேங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

நிறையையும் சொல்ல வேண்டும், ஆனால் அதில் ஒப்பிட ஒன்றும் இல்லை. 500 கிராம் என்று போட்டால் 500 கிராம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பையோடு சேர்த்து நிறுக்கிற பழக்கத்தை விடுங்கள்.

## நிறுத்துக் கொடுப்பது

திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகத்திலும் கொடிகாமத்திலும் காலங்காலமாக நடப்பது இதுதான். சாக்கின் வாயைச் சுருட்டி வைத்து, கையால் அள்ளிக் காட்டி, முகர்ந்து பார்க்கச் சொல்லி விற்பது. வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் எந்த ஸ்ரிக்கரிலும் இல்லை. புழுக்கொடியலை முறித்துப் பார்க்கலாம். செத்தலை உலுக்கிச் சத்தம் கேட்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.

உற்பத்தியாளருக்கும் முதல் குறைவு. சாக்கும் தராசும் போதும். தராசுக்கு அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒளிந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, திறந்த சாக்கு ஒவ்வொரு மணி நேரமும் வாசம் இழக்கிறது. காலையில் வாங்கியவன் மெச்சுவான், பின்னேரம் வாங்கியவன் முணுமுணுப்பான், இருவரும் ஒரே விலைதான் கொடுத்திருப்பார்கள். இரண்டு, உங்கள் பெயர் எங்கும் போகாது. தூள் நன்றாக இருக்கிறது என்று என் வீட்டுக்கு வந்த விருந்தாளி சொன்னால், "சந்தையில் ஒரு அக்காவிடம் வாங்கினது" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த அக்காவுக்கு வரவேண்டிய அடுத்த ஓடர் அத்தோடு போச்சு.

மாரியில் திறந்த சாக்கு வேறு வகையில் ஆபத்தானது. சரியாகக் காயாத செத்தலிலும் கச்சானிலும் பூஞ்சணம் பிடித்தால், சில பூஞ்சண வகைகள் விடுகிற அஃப்லரொக்சின் என்ற நஞ்சு சமைத்தாலும் போகாது. மேலே இருக்கும் பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் காயப்போட்டு விற்கிற ஆட்களையும் கண்டிருக்கிறேன். பார்வைக்குப் பழுதில்லை, ஆனால் உள்ளே இருப்பது போவதில்லை.

இது யாருக்குச் சரி? அன்றன்று செய்து அன்றன்று தீர்க்கிறவர்களுக்கு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கச்சான் வறுத்துச் சுடச்சுட விற்கிறவருக்கு நிற்கும் பை எதற்கு? அங்கே கடதாசிச் சுருள்தான் அழகு, அச்சடித்த பத்திரிகைத் தாளாக இல்லாத வரை. மை பட்ட கச்சானைத் தின்ன யாருக்கும் விருப்பமில்லை.

## வெறும் பொலித்தீன் பை

பலசரக்குக் கடைகளில் தொங்குவதில் முக்கால்வாசி இதுதான். மெல்லிய பை, மெழுகுதிரியில் காட்டி ஒட்டிய வாய், அல்லது ஸ்ரேப்ளர் பின். உள்ளே பாதி மடித்த ஒரு சிறு கடதாசி, அதில் ஒரு பெயர்.

மலிவு என்பதில் சந்தேகமில்லை. ஈரத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் பொலித்தீன் காற்றையும் வாசத்தையும் தாராளமாக விடும். நம்பாவிட்டால் கறித்தூள் பையொன்றைத் தேயிலைப் பையோடு ஒரு கிழமை அலுமாரியில் வைத்துவிட்டு, அந்தத் தேயிலையில் ஒரு பிளேன்ரீ போட்டுக் குடியுங்கள். உள்ளே இருந்து வாசம் வெளியே போகிறது என்றால் வெளியே இருந்து காற்று உள்ளே போகிறது என்றுதான் அர்த்தம். மெல்லிய பொலித்தீனைத் துளைத்துக்கொண்டு போய்வரும் வண்டுகளும் இருக்கின்றன. கடை ராக்கையில் உங்கள் பைக்குப் பக்கத்தில் யாருடைய பழைய மா இருக்கிறதோ, அந்த வண்டு உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

ஸ்ரேப்ளர் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. தூள் பையின் வாயில் பின் அடிக்காதீர்கள். பிரிக்கும்போது தெறித்து உள்ளே விழும். குழம்பில் பின் கிடந்ததை வீட்டில் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தூள் எவ்வளவு நல்லதாக இருந்தும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 20 மைக்ரோனும் அதற்குக் குறைவான தடிப்பும் உள்ள பொலித்தீன் 2017 செப்டெம்பரிலிருந்து நாட்டில் தடை. சில தேவைகளுக்கு விலக்கு இருந்தாலும், உங்கள் பை அதில் அடங்குமா என்று வாங்கும் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் இந்தப் பையைத் தூக்கி எறிந்துவிடலாமா? தேவையில்லை. கிழமைக்குள் விற்றுத் தீரும் பொருளுக்கு, அதுவும் பக்கத்துக் கடைக்கு, தடித்த பொலித்தீனும் சூட்டில் ஒழுங்காக ஒட்டும் ஒரு கை சீலரும் தாராளம். வறுத்த அரிசி மா, அவித்த மா, வடகம் ஆகியவற்றுக்கு இது போதும். பனங்கட்டிக் குட்டானுக்கும் ஓலையைக் கழற்றாமல் அப்படியே ஒரு தடித்த பைக்குள் போட்டு ஒட்டினால் மாரியிலும் கசியாது, பார்க்கவும் அழகு. ஓலை மட்டும் என்றால் மாரியில் கட்டி கசிந்து அலுமாரித் தட்டு பிசுபிசுத்துப் போகிறது.

## நிற்கும் பை

கொழும்பில் பார்த்துவிட்டு இப்போது எல்லோரும் தேடி ஓடுவது இதைத்தான். அடியில் மடிப்பு, ராக்கையில் நிமிர்ந்து நிற்கும், மேலே ஸிப், பின்னால் வெள்ளித் தாள், முன்னால் பொருள் தெரிய ஒரு ஜன்னல்.

உள்ளே உண்மையான அலுமினியத் தாள் இருக்கும் பை ஈரம், காற்று, வெளிச்சம் மூன்றையும் நன்றாகவே தடுக்கும். ஆனால் வெள்ளியாக மினுங்குவதெல்லாம் அலுமினியத் தாள் அல்ல. பல பைகளில் இருப்பது பிளாஸ்ரிக்கில் படிய வைத்த மெல்லிய உலோகப் பூச்சு. அதுவும் பரவாயில்லை, வெறும் பொலித்தீனை விட எவ்வளவோ மேல், ஆனால் விலையில் ஏமாந்துவிடக்கூடாது. அப்புறம் அந்த ஜன்னல். பின்பக்கம் முழுக்கப் பூட்டிவிட்டு முன்பக்கம் வெளிச்சத்தைக் கூப்பிட்டு உட்கார வைப்பது எனக்கு விளங்காத கணக்கு. தூளுக்கு ஜன்னல் வேண்டாம். வடைக்கும் முறுக்குக்கும் வேண்டுமென்றால் சின்னதாக வையுங்கள். உடைந்ததா முழுசா என்று பார்க்க எங்களுக்கும் ஆசைதான்.

ஸிப் இருக்கிறது என்று நம்பி மேலே ஒட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. ஸிப் நாங்கள் திறந்த பிறகு மூடி வைப்பதற்கு. நீங்கள் அனுப்பும்போது ஸிப்புக்கு மேலே சூட்டில் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டுகிற இடத்தில் தூள் பட்டிருந்தால் அந்த இடம் பிடிக்காது, மயிரளவு வழி விட்டு நிற்கும். துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தூளை ஸிப்புக்கு மேல் வரை நிரப்பாதீர்கள், ஸிப்பின் பல்லுக்குள் தூள் போனால் பிறகு அது மூடவே மூடாது. கிழிக்கிற வெட்டு ஸிப்புக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டே இல்லாத பையை எங்கள் வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள், வெட்டு விழுவது எப்போதும் ஸிப்புக்குக் கீழே.

இதற்கு முன் இன்னொன்று. சூடாக அள்ளிப் பைக்குள் போட்டு ஒட்டினால் உள்ளே வியர்க்கும். காற்றே போகாத பை என்றால் அந்த ஈரமும் வெளியே வராது. வெறும் பொலித்தீனில் தப்பியிருக்கக்கூடிய வடை, விலைகூடிய பையில் கெட்டுப்போவது இதனால்தான். ஆறவிட்டுப் போடுங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு அச்சில் இருக்கிறது. படம் அச்சடித்த பை வேண்டுமென்றால் நிறத்துக்கு ஒரு உருளை செய்ய வேண்டும், ஆகவே ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் அச்சகம் சம்மதிக்கும். எடுத்து அடுக்கிய பிறகு மல்லி விலை ஏறும், நீங்கள் சரக்கின் அளவை மாற்றுவீர்கள், தொலைபேசி இலக்கம் மாறும். பையில் இருப்பது பழைய கதை. அதன்மேல் ஸ்ரிக்கர், ஸ்ரிக்கருக்கு மேல் ஸ்ரிக்கர். திகதிக்கு மேல் ஒட்டிய ஸ்ரிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்க்காத ஆள் இப்போது யாழ்ப்பாணத்தில் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர் வெறும் பையை நூறு நூறாக வாங்கி, நல்ல லேபல் ஒட்டுவதே புத்தி.

## கண்ணாடிப் போத்தல்

காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடாத பாத்திரம் கண்ணாடி. வாசத்தைக் குடிக்காது, புளிக்கும் உப்புக்கும் அசையாது. ஊறுகாய்க்கும் நெல்லிரசத்துக்கும் நல்லெண்ணெய்க்கும் நான் முதலில் கேட்பது கண்ணாடிதான். பலவீனம் எல்லாம் மூடியில். உட்பக்கம் பூச்சு இல்லாத தகர மூடி, தேசிக்காய் ஊறுகாயின் உப்பிலும் புளியிலும் கறள் பிடிக்கும். திறந்தால் மூடியின் உள்வளையத்தில் காவி நிறத்தில் வட்டம் தெரியும், எண்ணெயில் கறள் துகள் மிதக்கும். ஊறுகாய் நன்றாகவே இருக்கலாம், ஆனால் யார் தின்பது?

பழைய போத்தலில் விற்பது தனிக்கதை. சாராயப் போத்தலில் நல்லெண்ணெய், ஜாம் போத்தலில் ஊறுகாய், இதெல்லாம் ஊர் வழக்கம். அறிந்த செக்கில், அறிந்த ஆளிடம் நாங்களே போத்தலைக் கொண்டுபோய் வாங்குவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. கடையில் வைத்து, பழைய லேபலின் பசை தெரியத் தெரிய முழு விலைக்கு விற்பதைத்தான் சொல்கிறேன். போத்தல் புதிதோ பழையதோ, கொதிநீரில் அவித்து நன்றாகக் காயவிட வேண்டும். உள்ளே ஒரு துளி நீர் நின்றாலும் ஊறுகாயின் மேற்பரப்பில் வெள்ளைப் படலம் வந்துவிடும்.

செலவைப் பார்த்தால் போத்தல் விலையோடு முடியாது. பாரம், உடைவு, அட்டைப் பெட்டி, இடையில் செருகும் அட்டை எல்லாம் சேரும். வெறும் போத்தலின் பாரமே உள்ளே இருப்பதில் பாதியைத் தாண்டிவிடும். உள்ளூரில் பரவாயில்லை. வெளிநாட்டுக்குச் சூட்கேஸில் கொண்டுபோகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஊறுகாய்ப் போத்தல் சேலைகளுக்கு நடுவில் உடைந்தால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. எண்ணெய்க்கு இன்னொரு விஷயம், நிறமற்ற கண்ணாடி வெளிச்சத்தை அப்படியே விடும். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களை விடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்றாலும், கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கி வைத்தால் அதுவும் கெடும். கபில நிறப் போத்தல், அல்லது கடைக்குள் இருட்டுத் தட்டு.

## பிளாஸ்ரிக் போத்தல்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். அகன்ற வாய்ப் புதிய போத்தலில் மோர்மிளகாய், வடகம், பயற்றம் பணியாரம் நன்றாக இருக்கும். உடையாது, பாரமில்லை, பணியாரம் நொறுங்காது. ஆனால் குடிநீர்ப் போத்தல் வகைப் பிளாஸ்ரிக்கில் சூடான எதையும் ஊற்றக்கூடாது, நெளிந்து வாய் கோணிவிடும். நெல்லிரசத்தைச் சுடச்சுட ஊற்றி மூட வேண்டுமென்றால் கண்ணாடிக்கே போங்கள். ஒருமுறை தண்ணீர் குடித்து எறிந்த போத்தலில் தேன் விற்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் மரியாதையான வார்த்தை இல்லை.

## ஒரே பார்வையில்

| | நிறுத்துக் கொடுப்பது | பொலித்தீன் பை | நிற்கும் பை | கண்ணாடி | பிளாஸ்ரிக் போத்தல் |
|---|---|---|---|---|---|
| ஈரம் | தடுக்காது | ஓரளவு | நன்று | மிக நன்று | நன்று |
| காற்று, வாசம் | தடுக்காது | தடுக்காது | நன்று | மிக நன்று | ஓரளவு |
| வெளிச்சம் | தடுக்காது | தடுக்காது | ஜன்னல் இல்லாவிட்டால் நன்று | நிறக் கண்ணாடி என்றால் நன்று | தடுக்காது |
| ஒளிந்த செலவு | பெயர் பரவாது | திரும்பி வரும் பை | அச்சு, தேங்கும் இருப்பு | உடைவு, பாரம், மூடி | சூடு தாங்காது |
| பொருந்தும் இடம் | சந்தை, திருவிழா | பக்கத்துக் கடை | வெளியூர், வெளிநாடு | ஊறுகாய், எண்ணெய், நெல்லிரசம் | வடகம், பணியாரம் |

## மலிவான பை எப்போது மலிவு இல்லை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளங்குவதற்காக நான் வைத்தவை, உங்கள் தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

250 கிராம் தூள், விலை 500 ரூபாய். கடைக்காரர் 100 ரூபாய் வைத்துக்கொள்வார், உங்கள் கைக்கு 400. நிற்கும் பையும் லேபலும் சேர்த்து 50 ரூபாய், பொலித்தீன் பையும் துண்டுக் கடதாசியும் 10 ரூபாய் என்று வையுங்கள். பத்துப் பை போட்டால் பொலித்தீனில் 400 ரூபாய் மிச்சம். சரி. அந்தப் பத்தில் ஒன்று வண்டு விழுந்தோ வாசம் போயோ திரும்பி வந்தால் உங்களுக்குப் போவதும் அதே 400. பத்துக்கு ஒன்று திரும்பினால் மிச்சம் பிடித்தது அப்படியே போச்சு, இரண்டு திரும்பினால் கையால் போடுகிறீர்கள். உள்ளே இருந்த தூளும் உழைப்பும் வேறு.

திரும்பி வருவதை நீங்கள் உடனே காணமாட்டீர்கள் என்பதுதான் சிக்கல். கடைக்காரர் மாதக் கடைசியில் மொத்தமாகக் கழிப்பார். வாங்கிய நாங்கள் அதையும் செய்யமாட்டோம். ஒரு பை மாவுக்காக யார் பஸ் ஏறித் திரும்பக் கொடுக்கப் போகிறார்கள்? கொட்டிவிட்டு அடுத்த முறை வேறொருவரின் பையை எடுப்போம். அந்தச் செலவு உங்கள் கொப்பியில் ஏறவே ஏறாது.

## எந்தப் பை என்றாலும் திகதி

"அண்ணை, திகதியைக் காணேல்லையே?"

"அது நேற்றுத்தான் வந்தது. ஒண்டும் செய்யாது, கொண்டு போங்கோ."

இந்த உரையாடல் நடக்காத கடை யாழ்ப்பாணத்தில் குறைவு. நேற்று வந்தது கடைக்கு, செய்தது எப்போது என்று அந்த அண்ணைக்கும் தெரியாது. பொதி செய்து விற்பது என்று முடிவெடுத்த நிமிடமே, பொருளின் பெயர், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் (ஒரே தடவையில் செய்த பைகளுக்கெல்லாம் போடும் ஒரே இலக்கம்), உச்ச சில்லறை விலை, சேர்த்த பொருள்கள், உங்கள் பெயரும் முகவரியும் பையில் இருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் சும்மா கிடக்கவில்லை. கேட்டு வருவது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகார சபையிடம் முறையிட வாங்குகிறவர்களுக்கும் தெரியும். தொடங்குமுன் பி.எச்.ஐ.யிடம் நீங்களே போய் லேபலைக் காட்டிக் கேட்பது நல்லது. பிறகு திருத்துவதை விட மலிவு.

எழுதினால் போதாது, நிற்கவும் வேண்டும். பில் அடிக்கும் மெஷினில் எடுத்த ஸ்ரிக்கர் சூட்டிலும் எண்ணெயிலும் வெளிறிவிடும். தகரக் கூரைக் கடையில் சில கிழமையிலேயே வெள்ளைத் தாளாகிவிடும். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்தது எண்ணெய்க் கை பட்டால் கரையும். லேசர் பிரின்டில் எடுத்து, திகதியை மட்டும் அழியாத பேனாவால் கையால் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான். கையெழுத்துத் திகதியை நாங்கள் நம்புவோம். அழிந்து போன அழகான திகதியைத்தான் நம்பமாட்டோம்.

காலாவதித் திகதியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் எனக்கு ஒரு சந்தேகம். ஊரில் உள்ள எல்லாப் பொருளும் சொல்லிவைத்தாற்போல ஆறு மாதம் தாங்குகின்றன! ஒவ்வொரு தொகுதியிலும் சில பைகளை எடுத்து வீட்டில் வையுங்கள், குளிர்ந்த அறையில் அல்ல, கடை ராக்கை போலச் சூடான இடத்தில். மாதம் ஒன்றைத் திறந்து முகருங்கள், சமையுங்கள். உங்கள் வீட்டாரே முகம் சுளிக்கிற மாதத்துக்கு ஒரு மாதம் முன்னால் உங்கள் காலாவதி. சுப்பர் மார்க்கெட்டுக்கோ ஏற்றுமதிக்கோ போகும் அளவுக்கு வளர்ந்தால் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில் சோதித்து எடுக்கலாம். பனைப் பொருள் என்றால் பனை அபிவிருத்திச் சபையிடமும் கேட்கலாம்.

## சரி, யார் எதை எடுப்பது

கறித்தூள், அதுவும் வெளியூருக்குப் போவது: ஜன்னல் இல்லாத நிற்கும் பை, வேறு யோசனை வேண்டாம். உள்ளூரில் அறிந்த வாடிக்கையாளர் மட்டும் என்றால் ஓடர் எடுத்து, இடித்த அன்றே தடித்த பொலித்தீனில் கொடுங்கள். அந்தத் தூளுக்கு ஈடாக எந்தப் பளபளப்பும் வராது.

பருத்தித்துறை வடை, முறுக்கு: வெயில் காலத்தில் தடித்த பொலித்தீன் ஓடும். மாரியில் நிற்கும் பைக்கு மாறுங்கள், விலையையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். மொறுமொறுப்பாக இருந்தால் பத்து இருபது ரூபாய்க்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நொறுங்காமல் இருக்கப் பைக்குள் கொஞ்சம் காற்று விட்டு ஒட்டுவது நல்லதுதான், ஆனால் அந்தக் காற்றே எண்ணெய் மணத்தைக் கொண்டுவரும் என்பதால் திகதியைக் குறைத்துப் போடுங்கள். பெரிய கம்பனிகள் காற்றுக்குப் பதிலாக நைதரசன் அடைப்பது இதற்காகத்தான்.

ஒடியல் மா, குரக்கன் மா, சத்துமா: பையை விட உள்ளே போவதுதான் முக்கியம். தானியத்திலேயே பூச்சியின் முட்டை இருந்தால் எந்தப் பையும் காப்பாற்றாது, வண்டு உள்ளேயிருந்தே பிறக்கும். வறுக்கிற மாவை ஒழுங்காக வறுத்து, மில்லில் பழைய மா ஒட்டியிருக்காமல் துப்புரவாக்கி அரைத்து, ஆறியவுடன் ஒட்டினால் தடித்த பொலித்தீனே போதும். சின்னப் பையாகப் போடுங்கள். தனியாக இருக்கும் வயதான அம்மா ஒருவர் ஒரு கிலோ குரக்கன் மாவை எப்போது முடிப்பது?

வெளிநாட்டுக்குப் போவது எதுவானாலும் லேபலில் ஆங்கிலமும் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் இறங்குகிறவர் கொண்டுபோகும் உணவை எல்லாம் அறிவித்தே ஆக வேண்டும். பெயரில்லாத பையில் ஏதோ ஒரு தூளைக் கண்ட அதிகாரி அது ஒடியல் மா என்று எப்படி நம்புவார்? கடல் வழிப் பொதியில் அனுப்புகிறவர்கள் அது கிழமைக் கணக்கில் சூடான பெட்டிக்குள் கிடக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் தாங்கும் பொருளில் பாதிக் காலம் வழியிலேயே போய்விடலாம்.

ஊறுகாய், நெல்லிரசம், நல்லெண்ணெய் மூன்றுக்கும் கண்ணாடி, பூச்சுள்ள மூடி. போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தால் சிறு தொகை கழித்துக் கொடுப்போம் என்று ஒரு வரி லேபலில் போட்டுப் பாருங்கள். வீட்டில் கழுவி அடுக்கி வைத்த போத்தல்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. அதைக் கொடுக்க வருகிறவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார்.

தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள், பொருள் கெட்டிருக்கிறது என்று அழைத்தால் எடுங்கள். "எங்கட சாமானில அப்பிடி வராது" என்று தொடங்காமல், தொகுதி இலக்கத்தைக் கேளுங்கள். அந்த இலக்கத்தில் இன்னும் எத்தனை பை எந்தக் கடைகளில் கிடக்கின்றன என்று உங்கள் கொப்பியில் இருந்தால், அடுத்த ஆள் அழைக்குமுன் அவற்றை எடுத்துவிடலாம்.